நாளுக்கு ஒரு நூல்

பதினான்காம் எண் வீட்டின் வாசற்கதவு, குடிவந்த அன்று ஏழடி உயரம் இருந்தது. இரண்டு வருடம் முடியும்போது இரண்டடி ஒன்பது அங்குலம். அளந்தவர் அதே கட்டடத்தில் குடியிருந்த சர்வேயர். முப்பத்தொரு வருடம் நிலம் அளந்தே சம்பளம் வாங்கியவர், ஓய்வுபெற்ற பிறகும் டேப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு திரிகிறவர் என்பதால் அளவில் சந்தேகப்பட ஒன்றுமில்லை. அகலம் மாறவில்லை; மூன்றடி மூன்றடியாகவே இருந்தது. உயரம் மட்டும் நாளுக்கு ஒரு நூல், அதாவது ஓர் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு, மேலிருந்து இறங்கியது. சாயங்காலம் ஆறு மணிக்கு நடைபாதை விளக்குகள் எரியும். அந்த நேரத்தில்தான் இறங்கும். நிலைச்சட்டமும் கூடவே இறங்கும். காலியான இடத்தில் சுவர் வந்து நிற்கும், பூச்சும் வண்ணமும் உட்பட, ஒட்டுப்போட்ட தடம்கூட இல்லாமல். இவ்வளவு சுத்தமாக வேலை செய்கிற ஆளை நான் என் சர்வீஸில் பார்த்ததில்லை என்று கட்டடத்தைக் கட்டிய மேஸ்திரி சொன்னார். யாரும் சிரிக்கவில்லை.

கட்டடத்தை வரைந்தவள் பதின்மூன்றாம் எண்ணில் இருந்தாள். எல்லோரும் அவளைப் பிளானம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினான்காம் எண்ணில் இருந்தவன் அவளுடைய தம்பி. யார் யாரோ என்னென்னவோ காரணத்துக்குக் கட்டடம் கட்டுகிறார்கள். இவள் கட்டியது இந்த ஒருவனுக்காக. அவளுக்கு ஐம்பத்திரண்டு, அவனுக்கு நாற்பத்தைந்து. அப்பா அம்மா போனபின் அவனை வளர்த்து ஆளாக்கியவள் அவள்தான். பிறகு வேலைக்காக அவள் வேறு ஊரில் இருந்த காலத்தில், தொண்ணூறு வீடுகள் கொண்ட ஒரு கட்டடத்தில் அவன் தனியாக இருந்தான். ஒன்பது நாள் காய்ச்சலில் கிடந்தான். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் காய்ச்சல் தெரியவில்லை என்பது இருக்கட்டும், அப்படியொருவன் அங்கே குடியிருப்பதே தெரியவில்லை. பத்தாம் நாள் தானாக எழுந்து தண்ணீர் குடித்ததாக அவன் பிற்பாடு ஒருநாள் போனில் சொன்னான், பேருந்து தாமதமாக வந்தது என்று சொல்கிற மாதிரி. ஒருவர் இருப்பது இன்னொருவருக்குத் தெரியாமல் போகவே முடியாதபடி ஒரு கட்டடம் கட்டாமல் விடுவதில்லை என்று அன்றே முடிவுகட்டினாள்.

வரைந்தாள் என்றால் சும்மா உட்கார்ந்த இடத்தில் வரைந்துவிடவில்லை. நிறுத்துக்கடிகாரமும் நோட்டுமாக எட்டு மாதம் ஊரிலுள்ள மாடிப்படிகளிலும் நடைபாதைகளிலும் நின்றாள். நாலடி நடைபாதையில் எதிர்ப்படுகிறவர்கள் ஒதுங்கிப் போய்விடுகிறார்கள், எட்டடி இருந்தால் நிற்கிறார்கள். வெயில் விழும் படியில் நிற்கிறார்கள். முழங்கை ஊன்றக் கைப்பிடிச் சுவர் இருந்தால் இன்னும் மூன்று நிமிடம் நிற்கிறார்கள். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டுதான் பென்சிலை எடுத்தாள். நாலு தளம், தளத்துக்கு ஆறு வீடு, எட்டடி நடைபாதை. சமையலறைச் சன்னல்கள் எல்லாம் நடைபாதையைப் பார்த்து. ஒவ்வொரு வாசலுக்குப் பக்கத்திலும் இருவர் உட்காரும்படி ஒரு கல் இருக்கை. எல்லோருக்கும் ஒரே படிக்கட்டு, தபால் பெட்டிகள் எல்லாம் ஒரே இடத்தில், லிஃப்ட்டைக்கூட வேண்டுமென்றே மெதுவாகப் போக வைத்தாள். அதே சமயம் எந்த வீட்டிலும் எந்தக் குறையும் இருக்கக் கூடாது என்பது அவளுடைய வைராக்கியம். ஒவ்வொரு வீட்டுக்கும் தனித் தண்ணீர்த் தொட்டி, தனிச் சலவை இடம், மடக்கு ஏணி, சுத்தியலும் திருகுளியும் அடங்கிய ஒரு கருவிப்பெட்டி, மின்சாரம் நின்றால் எரிய ஒரு விளக்கு. சாவி கொடுக்கும்போதே எல்லாம் உள்ளே இருந்தன. பத்திரிகையில் படம் வந்தது. அவள் கோட்டைவிட்ட இடம் எது என்று பத்திரிகைக்காரருக்கும் தெரியவில்லை, அவளுக்கும் தெரியவில்லை.

முதல் ஆறு மாதம் எதிர்ப்பட்டவர்கள் சராசரியாக நாலு நிமிடம் நின்று பேசினார்கள். அவள் கைப்பிடிச் சுவரோரம் நின்று நிறுத்துக்கடிகாரத்தில் பார்த்துப் பூரித்துப் போனாள். ஒரு வருடம் ஆனபோது அது நாற்பது நொடியாகியிருந்தது. அதற்கப்புறம் தலையசைப்பு. பேச வேண்டியதைப் பேசி முடித்துவிட்டார்கள், அவ்வளவுதான். எட்டடி நடைபாதையில் எட்டடி இடைவெளி விட்டு, ஒருவருக்கொருவர் மரியாதையாகக் கடந்து போனார்கள். கல் இருக்கைகளில் செடிச்சட்டி வைத்தார்கள். அந்தச் சமயத்தில்தான் தம்பியின் கதவு அரையடி இறங்கியிருப்பதைப் பிளானம்மா கவனித்தாள். கவனித்தவள் வாயைத் திறக்கவில்லை. தச்சன் அளவைத் தவறவிட்டிருப்பான் என்று முதலில் நினைத்தாள். ஓரடி ஆனபோது, வெளியே தெரிந்தால் தன் வேலைக்குக் கெட்ட பேர் என்று நினைத்தாள். நல்ல மனுஷிதான், ஆனால் அவளுக்கும் ஒரு பெயர் இருந்தது, அந்தப் பெயர்மீது கொஞ்சம் ஆசையும் இருந்தது.

முதலில் போனது இருபத்தொன்று. மேல்தளத்தில் அந்த வீட்டில் ஒரு ஓய்வுபெற்ற தட்டச்சர் இருந்தார். தனியாள், யாரையும் தொந்தரவு செய்யாதவர், தங்கமான மனிதர் என்று எல்லோரும் சொன்னார்கள். அதாவது யாருக்கும் அவரைத் தெரியாது. தபால் பெட்டி நிரம்பி வழிந்து கடிதங்கள் படிக்கட்டில் விழுந்தபோதுதான், எடுத்துக்கொண்டுபோய்க் கொடுக்கலாம் என்று சர்வேயர் மேலே போனார். இருபதாம் எண் கதவு இருந்தது, இருபத்திரண்டாம் எண் கதவு இருந்தது. நடுவில் சுவர். அது எப்போதும் சுவர்தானே என்றார் இருபத்திரண்டில் இருந்தவர், உண்மையாகவே அப்படி நம்பிக்கொண்டு. சுவரில் காதை வைத்தால் உள்ளே ரேடியோவில் வானிலை அறிக்கை ஓடியது. மேஸ்திரியைக் கூப்பிட்டு அன்றைக்கே இடித்தார்கள். செங்கல் வந்தது. செங்கல்லுக்குப் பின்னால் இருபத்திரண்டாம் எண் வீட்டின் அலமாரி வந்தது, மடித்து வைத்த போர்வைகளோடு. கீழே இறங்கிப்போய் வெளியிலிருந்து எண்ணினால் அந்தத் தளத்தில் ஐந்து வீட்டுச் சன்னல்கள்தான் இருந்தன. ரேடியோ இன்னும் ஒன்பது நாள் கேட்டது, பிறகு நின்றது. சர்வேயர் கணக்குப் போட்டுப் பார்த்தார்: ஏழடிக்கு அறுநூற்று எழுபத்திரண்டு நூல். குடிவந்து அறுநூற்று எழுபத்திரண்டு நாள். ஒரு நாள்கூட ஒருவர்கூட அந்தக் கதவைத் தட்டியதில்லை.

கட்டடத்துக்குள் பயம் புகுந்தது அன்றுதான். சர்வேயர் எல்லாக் கதவுகளையும் அளந்து ஒரு நோட்டில் குறித்தார். ஆறடியும் ஐந்தரையும் சர்வசாதாரணமாக இருந்தன. மனிதர்கள் பழக்கதோஷத்தில் குனிந்து போய்க்கொண்டிருந்திருக்கிறார்கள். எல்லாவற்றிலும் சிறியது பதினான்கு. போக இடமிருந்தவர்கள் வீட்டைக் காலிசெய்து போய்ப் பார்த்தார்கள். போன இடத்தில் கதவு அளவாகத்தான் இருந்தது, ஆனால் அங்கே யாரும் அளக்கவில்லை என்பதால் இன்னும் பயமாக இருக்கிறது என்று திரும்பி வந்துவிட்டார்கள். யாரும் தட்டாத கதவு இறங்குகிறது என்று சர்வேயர் விதி எழுதினார். பிளானம்மாவுக்கு அது விளங்கவில்லை. தம்பி வீட்டுக் கதவை அவள் தினமும் காலையில் தட்டினாள், டிபன் டப்பாவோடு. ஒரு நாள் தவறியதில்லை. சர்வேயர் கொஞ்சம் யோசித்து, சொந்தக்காரர் தட்டுவது கணக்கில் சேராது போலிருக்கிறது என்று விதியில் ஒரு வரி கூட்டினார். உடனே முறைப்பட்டியல் போட்டார்கள்: திங்கள் ஒன்றாம் எண், செவ்வாய் இரண்டாம் எண் என்று ஆள் மாற்றி ஆள் போய் பதினான்கைத் தட்டவேண்டியது. தட்டினார்கள். சௌக்கியமா என்றார்கள். சௌக்கியம் என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. ஆறு மணிக்கு விளக்கு எரிந்தது, கதவு ஒரு நூல் இறங்கியது.

தம்பி மின்சாதனங்களோடு வரும் கையேடுகளை மொழிபெயர்க்கிறவன். ஈரக்கையால் தொடாதீர்கள், சமதளத்தில் வைக்கவும், முதல் பயன்பாட்டுக்கு முன் மூன்று மணி நேரம் காத்திருக்கவும்: நாளெல்லாம் இதுதான் வேலை, எல்லாம் கணினியில் வரும், கணினியில் போகும். வேண்டிய சாமான் பெட்டியில் வந்து வாசலில் இறங்கும். கொண்டுவருகிறவர்கள் தட்டுவதில்லை, பெட்டியைப் படமெடுத்து அனுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். சமையலறைச் சன்னலை மறைத்து ஒரு புத்தக அலமாரி. கதவு சிறுத்த பிறகு அவன் செய்த ஒரே மாற்றம், பெட்டியின் உயரத்தைப் பார்த்துப் பொருள் வாங்கத் தொடங்கியதுதான். இரண்டடி ஒன்பது அங்குலம் என்று சர்வேயர் குறித்த அன்று பிளானம்மா தவழ்ந்து உள்ளே போனாள்.

"என்னோட வந்துடு. பக்கத்து வீடுதானே. உன் நாற்காலியையும் தூக்கிட்டு வந்துடலாம்."

"எதுக்குக்கா?"

"கதவைப் பார்த்தியா இல்லையாடா?"

"பார்த்தேன். யாரும் வராத கதவு ஏழடி எதுக்கு? தேவைக்கு ஏத்த அளவுக்கு வருது. இதுல என்ன தப்பு இருக்கு?"

"நான் தினமும் வர்றேனே."

"நீ சாப்பாடு குடுக்க வர்ற," என்றான் அவன், கோபமில்லாமல். அவனுக்குக் கோபம் வந்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

கையைப் பிடித்து இழுத்து ஒருமுறை தன் வீட்டுக்குக் கொண்டுவந்தும் வைத்தாள். நாலு நாள் இருந்தான், கேட்டதற்குப் பதில் சொன்னான், தட்டைக் கழுவி வைத்தான். ஐந்தாம் நாள் அவள் குளிக்கப்போன நேரம் பார்த்துத் திரும்பிப் போய்விட்டான். கதவு அந்த நாலு நாளும் இறங்கியிருந்தது. சரி, இனிக் கேட்டுக்கொண்டிருந்தால் ஆகாது என்று மேஸ்திரியை வரச்சொல்லி, தன் படுக்கையறைச் சுவரை இடிக்கச் சொன்னாள். அந்தப் பக்கம் தம்பியின் வீடு. ஒன்பது அங்குலச் சுவர் என்று அவளே வரைந்த சுவர். மேஸ்திரி காலையில் தொடங்கினார். மத்தியானம் இரண்டடி போயிருந்தார். நாலு மணிக்கு நாலடி. தோள்வரை உள்ளே விட்டு உளியை அடித்தார், செங்கல்லுக்குப் பின்னால் செங்கல்தான் வந்தது. ஐந்தே முக்காலுக்கு அவர் வெளியே வந்து, கைகாலைக் கழுவி, கருவிகளை எடுத்துக்கொண்டார். அம்மா, அந்தப் பக்கம் ஒன்றுமில்லாத மாதிரி சத்தம் கேட்கிறது, இனி என்னைக் கூப்பிடாதீர்கள் என்றார். மறந்துவிட்டுப்போன ஓர் உளி மறுநாள் காலையில் வழவழப்பான சுவரில் பாதி புதைந்து நின்றது. பிளானம்மா அதன்மேல் ஒரு துணியைப் போட்டு மூடினாள். அந்த அறையில் அவள் அதற்குப்பிறகு படுக்கவில்லை.

சன்னல்களும் இறங்குகின்றன என்பது அதே வாரத்தில் தெரிந்தது. கீழே நின்று பார்த்தால், எல்லா வீட்டுச் சன்னல்களுக்கும் நடுவே பதினான்காம் எண்ணின் சன்னல்கள் மட்டும் பாதி மூடிய கண் மாதிரி இருந்தன. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. பகலில் ஒரு வேலை ஓடவில்லை. இருபத்தொன்றாம் எண் சுவரிலிருந்து வந்த செங்கல்லை மனதுக்குள் திரும்பத் திரும்பப் பார்த்தாள்: புதுச் செங்கல், முனை உடையாத செங்கல், ஒரு மனிதர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த இடத்தில்.

விஷயம் பிடிபட்டது ஒரு குழாயால். ஒன்பதாம் எண்ணில் தையல்காரம்மா இருந்தாள். அவள் வீட்டுச் சமையலறையில் குழாய் கிடையாது. கட்டும்போது மேஸ்திரியின் ஆள் தண்ணீர்க் குழாயைச் சுவருக்குள்ளேயே அடைத்துப் பூசிவிட்டான். சுவரை உடைத்துத்தான் சரிசெய்யவேண்டும், நாளை நாளை என்று இரண்டு வருடம் ஓடிவிட்டது. அவள் மூன்று வேளையும் குடத்தோடு போய்ப் பத்தாம் எண்ணைத் தட்டுவாள். தண்ணீர் கொடுத்துப் பழகிய பத்தாம் எண்காரிக்கும் கூச்சம் விட்டுப்போய், ஜிப்பு போய்விட்டது, ஓரம் பிரிந்துவிட்டது என்று ஒன்பதைத் தட்டுவாள். சர்வேயரின் நோட்டில் ஏழடி குறையாமல் நின்றவை இந்த இரண்டு கதவுகள்தான். பத்தாம் எண் இரண்டு அங்குலம் வளர்ந்துகூட இருந்தது. பிளானம்மா பதறியடித்துக்கொண்டு போய், குழாயை நாளைக்கே சரிசெய்து தருவதாகச் சொன்னாள். அவளுக்கு அப்போதும் புத்தி அந்தப் பக்கம்தான் போனது. தையல்காரம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்தாள்.

"வேணாம்மா. குழாய் வந்துட்டா அப்புறம் நான் எதைச் சொல்லிக்கிட்டு அவங்க வீட்டுக்குப் போறது? சும்மா போய் நின்னா என்ன வேணும்னு கேப்பாங்க. என்ன சொல்றது?"

பிளானம்மா அங்கேயே, துணிக் குவியலின்மேல் உட்கார்ந்துவிட்டாள். நிற்க இடம் கொடுத்தாள், உட்காரக் கல் போட்டாள், முழங்கை ஊன்றச் சுவர் வைத்தாள். என்ன வேணும் என்று கேட்டால் சொல்ல ஒரு பதிலை மட்டும் ஒரு வீட்டிலும் மிச்சம் வைக்கவில்லை.

மறுநாளே கையில் குறடோடு வீடுவீடாக ஏறினாள். ஒரு வீட்டில் ஏணியை எடுத்தாள், ஒரு வீட்டில் சலவை இயந்திரத்தின் இணைப்பைத் துண்டித்தாள், ஒரு வீட்டில் அடுப்பின் பாதியைக் கழற்றினாள். வேறு சமயமாக இருந்தால் அடிக்க வந்திருப்பார்கள். இப்போது வாசலில் தலை இடித்துக்கொண்டு நின்றவர்கள், இதையும் கொண்டுபோங்கள் என்று தாங்களாகவே எடுத்துக் கொடுத்தார்கள். ஒரு மாதத்தில் நடைபாதையில் ஏணிகளும் கத்தரிக்கோல்களும் ஊர்வலம் போயின. சண்டைகளும் வந்தன, வாங்கிய குடத்தை நெளித்துக் கொடுத்துவிட்டாள், வாளி திரும்பி வரவில்லை என்று இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்தினார்கள், ஆனால் நாலாம் நாள் துணி துவைக்க வேறு வழியில்லாமல் தட்டினார்கள். சண்டை போட்டுவிட்டுத் தட்டினாலும் கதவு ஏற்றுக்கொண்டது. இருபது கதவுகள் இறங்குவதை நிறுத்தின, சில ஏறின. பதினான்கு மட்டும் நிற்கவில்லை.

அவனிடம் யாரும் கேட்காமல் இல்லை. பிளானம்மா எல்லோரையும் அனுப்பினாள். ஒருவர் ஏணி கேட்டார், தன் வீட்டு ஏணியைக் கட்டிலுக்கடியில் ஒளித்துவிட்டு. தம்பி ஏணியைக் கதவு வழியே வெளியே தள்ளினான். சர்வேயர் பென்சில் கேட்டார், காதில் ஒன்று இருந்தது. பிளானம்மாவே ஒரு கடிதத்தைக் கொண்டுபோய், எழுத்து தெரியவில்லை, படித்துச் சொல் என்றாள். கண்ணாடி கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அவன் குனிந்து பார்த்து, அதைச் சுட்டிக்காட்டிவிட்டுக் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தான். அந்தக் கதவுக்கு நடிப்பு செல்லவில்லை. இரண்டடி ஆனது, ஒன்றரை ஆனது, ஓரடி ஆனது. டிபன் டப்பாவைப் படுக்கவைத்துத் தள்ளவேண்டியிருந்தது. சர்வேயர் அளக்கும்போது பிளானம்மாவின் முகத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

பதினோரு அங்குலம் இருந்த ஒரு நாள், சாயங்காலம் ஐந்தரை மணிக்கு, அவள் கையில் ஒன்றுமில்லாமல் போனாள். கேட்க ஒன்றும் யோசித்து வைத்திருக்கவில்லை. தன் வீட்டில் உட்கார முடியவில்லை, அதனால் போனாள். நடைபாதைத் தரையில் குப்புறப் படுத்துக் கன்னத்தைத் தரையோட்டில் வைத்துக் கதவைத் தள்ளினாள். உள்ளே விளக்கு எரிந்தது. நாற்காலியின் நாலு காலும் அவனுடைய இரண்டு காலும் தெரிந்தன. இடது கால் பெருவிரல் சின்ன வயதில் மாடிப்படியில் இடித்து நகம் போன விரல். அதைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் நடுங்கத் தொடங்கியது. எழுந்திருக்கலாம் என்று பார்த்தாள், கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை.

"டேய்."

"என்னக்கா?"

"பயமா இருக்குடா."

"எனக்கு ஒண்ணும் ஆகாது. நீ கவலைப்படாத."

"உனக்காக இல்லடா. எனக்கு பயமா இருக்கு." பல் அடித்துக்கொண்டதால் அவளுக்குப் பேச்சு துண்டுதுண்டாக வந்தது. "அந்த வீட்ல செங்கல்தான் இருந்துச்சு. அப்பா முகம் எப்படி இருந்துச்சுன்னு எனக்கு மறந்துபோச்சு. உன்னைப் பார்த்துத்தான் ஞாபகப்படுத்திக்கிறேன். நீயும் போயிட்டா சின்ன வயசுல என்னைப் பார்த்தவங்க யாரும் இல்ல. நான் யார்கிட்டயும் சொன்னதில்ல. எனக்கு ராத்திரி தூக்கம் இல்ல, மூச்சு முட்டுது. இப்ப எழுந்திருக்க முடியலடா. என்னால முடியல."

கால்கள் இரண்டும் அப்படியே இருந்தன. எவ்வளவு நேரம் என்று அவளுக்குத் தெரியாது. வாழ்க்கையில் முதல்முறையாக அவள் நிறுத்துக்கடிகாரம் இல்லாமல் காத்திருந்தாள். அப்புறம் நாற்காலி பின்னால் தள்ளப்பட்ட சத்தம். முழங்கால்கள் தரைக்கு வந்தன, கைகள் வந்தன, நரைத்த தாடியோடு அப்பாவின் முகம் வந்தது.

"இரு, வர்றேன்," என்றான்.

தலை வெளியே வந்தது. ஒரு தோள் வந்தது, இன்னொரு தோளைச் சாய்த்துக் கொண்டுவந்தான். மார்பு வந்த இடத்தில் மாட்டிக்கொண்டான். முன்னாலும் போகவில்லை, பின்னாலும் போகவில்லை. மூச்சை விட்டு ஒடுங்கினான், அப்படியும் போகவில்லை. முகம் சிவந்தது. பிளானம்மா அவன் அக்குளில் கைவிட்டு இழுத்தாள். சற்றுமுன் எழுந்திருக்க முடியாமல் கிடந்தவள் எப்போது முழங்காலிட்டாள் என்று அவளுக்கே தெரியாது. நடைபாதைக் கடிகாரத்தில் ஆறு மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. ஒரு நூல் என்றால் ஒன்றுமில்லை, ஒரு தடித்த அட்டையின் கனம். ஆனால் அவன் விலாவுக்கும் நிலைச்சட்டத்துக்கும் நடுவே அந்த ஒரு நூல்கூட இல்லை. அவள் நிலைச்சட்டத்தை உள்ளங்கையால் அடித்தாள். விடு, விடு, எனக்கு இவன் வேணும் என்று அழுதுகொண்டே, யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல், அடித்துக்கொண்டே இருந்தாள். அக்கம்பக்கத்துக் கதவுகள் திறந்தன. விளக்குகள் எரிந்தன. நடைபாதையில் இருந்த அத்தனை பேரும் கண்ணை மூடிக்கொண்டார்கள்.

கதவு இறங்கவில்லை. சர்வேயர் பிற்பாடு சொன்னது, அரை நூல் மேலே போயிருக்கும் என்று. அந்த அரை நூலில் அவன் வழுக்கிக்கொண்டு வெளியே வந்து அக்காவின் மடியில் விழுந்தான். சட்டை முழுக்கக் கிழிந்து சட்டத்தில் தொங்கியது.

அவளைத் தூக்கி நிறுத்தினான். ஆறடி ஆள், மாதக்கணக்கில் வெளியே நடக்காததால் கொஞ்சம் தள்ளாடினான். சுற்றிலும் பார்த்தான். "நல்லா அகலமாத்தான் வச்சிருக்க," என்றான், நடைபாதையைப் பற்றி. பிறகு கல் இருக்கையில் செடிச்சட்டியை நகர்த்திவிட்டு உட்கார்ந்து, தோளுக்குப் பின்னால் கையைக் கொண்டுபோக முயன்றான். எட்டவில்லை. கழுத்திலிருந்து இடுப்புவரை தோல் உரிந்து ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

"அக்கா, முதுகு எரியுது. மருந்து ஏதாவது இருக்கா? என் கை எட்டாது."

அவள் வளர்த்த நாளிலிருந்து அவன் அவளிடம் ஒன்றைக் கேட்டது அன்றுதான். கேட்கும் முன்னால் எல்லாவற்றையும் கொடுத்துவிடுகிறவளிடம் என்னத்தைக் கேட்பது? அவள் வீட்டுக்குள் ஓடினாள், மருந்து டப்பாவைத் தேடி அலமாரியைக் கவிழ்த்தாள், வந்து பூசினாள். அவசரத்தில் மருந்து பாதி சட்டையில்லாத தோளிலும் பாதி தரையிலும் போனது. அன்றைக்கு அவன் திரும்பப் போகமாட்டான் என்று எல்லோரும் நினைத்தார்கள். ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் அவன் திரும்பிப் போனான், அதற்குள் இன்னும் கொஞ்சம் ஏறியிருந்த கதவு வழியே, மல்லாந்து படுத்து, காலை முதலில் உள்ளே விட்டு. அவனுக்கு வேலை இருந்தது. பிளானம்மா தடுக்கவில்லை. காலையில் அவன் வந்து அவள் கதவைத் தட்டி, மருந்து போடச்சொன்னான். அவளும் முந்தின நாள் மாதிரி மூச்சு முட்டினால் போய்த் தட்டினாள், முட்டாதபோது போகவில்லை.

அதற்குப்பிறகு நாலு வருடம் ஆகிவிட்டது. புதிய மின்சாதனம் வாங்குகிறவர்கள் கையேடு புரியாமல் அவனிடம் கொண்டுபோனார்கள். அதை மொழிபெயர்த்தவனே அவன்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது. பயம் போய்விட்டதா என்றால் போகவில்லை. ஆறு மணிக்கு விளக்கு எரியும்போது இருபத்துமூன்று வீட்டிலும் ஒரு கணம் பேச்சு நிற்கும், கரண்டி நிற்கும், பிறகு ஓடும். இருபதுக்கும் இருபத்திரண்டுக்கும் நடுவிலுள்ள சுவரைக் கடக்கிறவர்கள் ஒருமுறை தட்டிவிட்டுப் போவார்கள், தாமதமாகிவிட்டது என்று தெரிந்தே. பிளானம்மா அடுத்த தெருவில் இன்னொரு கட்டடம் வரைந்தாள். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பொருள் விடுபட்டிருந்தது, எங்கே எது இல்லை என்று சிவப்பு மையில் வட்டமிட்டிருந்தாள். அனுமதி அதிகாரி வரைபடத்தை நெடுநேரம் பார்த்தார், காரணம் கேட்கவில்லை. தன் வீட்டு வாசலும் நாலடிதான் இருக்கிறது, அதற்கு என்ன செய்யலாம் என்று மட்டும் தாழ்ந்த குரலில் கேட்டுவிட்டு முத்திரை குத்தினார்.

பதினான்காம் எண் கதவு இப்போது ஐந்தடி எட்டு அங்குலம். ஆறடிக்கு வந்துவிடும் என்கிறார் சர்வேயர், வராமலும் போகலாம் என்கிறார். தம்பி குனிந்துதான் வெளியே வருகிறான், வேலை நினைப்பில் சிலநாள் குனிய மறந்து நெற்றியைச் சிராய்த்துக்கொள்கிறான். நெற்றிக்கு அவன் கை நன்றாகவே எட்டும். இருந்தும் பக்கத்து வீட்டைத் தட்டுகிறான், மருந்து டப்பா அங்கேதான் இருக்கிறது. தன் வீட்டுக்கும் ஒன்று வாங்கி வைக்கவேண்டும் என்று நாலு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறான். ஒவ்வொரு மாதமும் சாமான் பட்டியல் எழுதும்போது அது அவனுக்கு மறந்துவிடுகிறது.